இனி இன்ஸ்டோல் பண்ண வேண்டாம், ரீச்சர்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. வீட்டில் பழைய டெஸ்க்டொப் ஒன்று இருக்கிறது. கோர் 2 டுவோ, ரேம் 2 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராது என்றதால், மேல்மாடியில் இருக்கும் தம்பி விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருகிறேன் என்று பென்ட்ரைவ் கொண்டுவந்தார். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது. இரண்டாம் தடவை 'இன்புட் அவுட்புட் எரர்' என்று ஒரு பெட்டி வந்தது. மூன்றாம் தடவை முடியப்போகிற நேரத்தில் 'கிரப்' என்று எதையோ நிறுவ முடியவில்லை என்றது. இப்போது ஒன் பண்ணினால் சரியான பூட் டிவைஸைத் தெரிவுசெய் என்று கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் வருகிறது, அவ்வளவுதான். கடையில் காட்டினோம். மதர்போர்ட் போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்றார்கள். டி டிரைவில் நான் வருடக்கணக்காகப் பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாள்களும் இலக்கணக் குறிப்புகளும் இருந்தன. தம்பி டிஸ்க்கை முழுதாக அழித்துப் போடும்படிதான் கொடுத்தாராம். எல்லாம் போய்விட்டதா? விண்டோஸ் 11 போட்டால் சரிவருமா? இன்னொன்று: சில மாதங்களாகவே கோப்புகள் திறக்க நிறைய நேரம் எடுத்தது. திகதியும் ஒவ்வொரு நாளும் 2009க்குப் போய்விடும்.

பதில்:

ரீச்சர், முதலில் ஒரு வேலை. இதை வாசித்து முடிக்கும் முன்பே செய்தாலும் நல்லது. கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கேசிங்கின் பக்கத் தகட்டைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கில் பூட்டியிருக்கும் இரண்டு வயர்களையும் கழற்றச் சொல்லுங்கள். ஒன்று மின்சாரம் போகும் அகலமான வயர். மற்றது தரவு போகும் மெல்லிய வயர். பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். தம்பி நாலாம் தடவை முயற்சி செய்யப் போவதாக இருந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். உங்கள் வினாத்தாள்களுக்கு இப்போது இருக்கிற பெரிய ஆபத்து அந்த நாலாம் முயற்சிதான்.

தம்பியை ஏச வேண்டாம். உதவி செய்ய வந்த பிள்ளை. தெரிவுசெய்த மென்பொருளும் இந்த வயது இயந்திரத்துக்குப் பொருத்தமானதுதான். பிழை என்னவென்றால், முதல் தடவை நின்றவுடன் ஏன் நின்றது என்று பார்க்காமல் திரும்பவும் தொடங்கியது. எங்களிடம் வருகிற பழைய கணினிகளில் பாதிக் கதை இதுதான். ஒரே இடத்தில், ஒரே செய்தியோடு நின்றால் பென்ட்ரைவையோ டவுன்லோட் பண்ணிய கோப்பையோ சந்தேகிக்கலாம். உங்களுடையது மூன்று தடவையும் மூன்று வெவ்வேறு இடத்தில் நின்றிருக்கிறது. அப்படி இடம் மாறி மாறி நிற்கும்போது மென்பொருளைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. டிஸ்க், அதன் வயர், ரேம், சூடு, பவர் சப்ளை, இந்த ஐந்தில் ஒன்று சரியில்லை என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

இனி டி டிரைவைப் பற்றி. இரவு நித்திரை வராமல் இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

முற்றாக அழித்து நிறுவு என்று கொடுத்தாலும் 320 ஜிபியும் அழிவதில்லை. ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டினால் உள்ளே இருக்கும் பக்கங்கள் பக்கங்களாகவே இருக்குமல்லவா, அப்படித்தான். பழைய சி, டி பிரிவுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற அட்டவணை போய்விட்டது. அதன்மேல் மின்ட் தன்னுடைய கோப்புகளைக் கொண்டுவந்து எழுதியிருக்கிறது. மின்ட் எழுதுவது ஏறக்குறைய பத்துப் பதினைந்து ஜிபி. அது ஒரே இடத்தில் குவியாமல் டிஸ்க் முழுவதும் அங்கங்கே விழும். ஆகவே எல்லாம் மீண்டும் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பெரும்பகுதி கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு புது முயற்சியும் அந்தப் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வயரைக் கழற்றச் சொன்னது அதனால்தான்.

அடுத்தது கடைக்காரர் சொன்ன மதர்போர்ட் கதை. இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம், காசும் செலவாகாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய நிலையிலேயே மின்ட் பென்ட்ரைவைப் பின்பக்க யூஎஸ்பியில் செருகி ஒன் பண்ணுங்கள். ஹார்ட் டிஸ்க் இல்லாவிட்டாலும் பென்ட்ரைவிலிருந்தே மின்ட் ஓடும். டெஸ்க்டொப் திரை வந்து, மவுஸ் அசைந்து, ஒரு அரை மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தால் மதர்போர்ட் போய்விட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. யோசித்துப் பாருங்கள்: மூன்றாம் தடவை கிட்டத்தட்ட முடியும்வரை போயிருக்கிறது. செத்துப்போன போர்ட் அவ்வளவு தூரம் வராது.

ஆனால் கேசிங் திறந்திருக்கும்போது ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள். புரொசெசருக்குப் பக்கத்தில் சிறு சிறு உருளைகள் வரிசையாக நிற்கும். அவை கெப்பாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேலே ஒரு கீறல் போட்டிருப்பார்கள்; அந்தக் கீறல் பிளந்து தலை மேடாக வீங்கியிருந்தாலோ, மண்ணிறமாக ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அப்படியானால் இந்த இயந்திரத்துக்கு இனிக் காசு போட வேண்டாம். தலைகள் தட்டையாக இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

அந்த 'இன்புட் அவுட்புட் எரர்' பெட்டி தம்பியின் கண்ணில் முழுமையாகப் படவில்லை என்று நினைக்கிறேன். அதன் தலைப்பில் எர்னோ 5 என்று இலக்கம் இருந்திருக்கும். கீழே ஒரு நீளமான பந்தி. பழுதான சீடியாலோ பழுதான ஹார்ட் டிஸ்க்காலோ இது பெரும்பாலும் வரும், சீடியைத் துடைத்துப் பாருங்கள், ஹார்ட் டிஸ்க் பழையதாகி மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறதா பாருங்கள், இயந்திரத்தைக் குளிரான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். எல்லோரும் அவசரத்தில் ஓகே கொடுத்துவிடுகிற பெட்டி அது. மின்ட் நிறுவும்போது ஏதோ ஒரு சாதனத்திலிருந்து வாசிக்கவோ அதில் எழுதவோ கேட்டது, அந்தச் சாதனம் பதில் சொல்லவில்லை. இவ்வளவுதான் அதன் பொருள். அந்தச் சாதனம் பென்ட்ரைவாகவும் இருக்கலாம், ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கலாம்.

எது என்பதற்கு உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளே பெரிய துப்பு. சில மாதங்களாகக் கோப்புகள் திறக்க நேரம் எடுத்தது என்கிறீர்கள். அப்போது மின்ட் பென்ட்ரைவும் இல்லை, தம்பியும் இல்லை. இந்த வயது டிஸ்க்கில் சில இடங்கள் தேய்ந்துபோனால், அந்த இடத்தை வாசிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும். நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பீர்கள். விண்டோஸ் மெதுவாகிவிட்டது என்று எல்லோரும் நினைப்பது இதைத்தான். என் கணிப்பு, உங்கள் டிஸ்க் மின்ட் வருவதற்கு முன்பே பழுதாகத் தொடங்கிவிட்டது. கிரப் நிறுவ முடியாமல் போனதும் அதே கணக்கில்தான் வரும் என்று நினைக்கிறேன். கணினியைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்தான் கிரப். அது வேறு காரணங்களாலும் தவறலாம். தொடங்கும் இடமாக டிஸ்க்குக்குப் பதிலாகப் பென்ட்ரைவைத் தெரிவுசெய்துவிட்டால் அதே செய்தி வரும். ஆனால் முதல் இரண்டு தடவையும் எழுதவே கஷ்டப்பட்ட டிஸ்க்கில் மூன்றாம் தடவை மட்டும் வேறு காரணம் தேடுவது வீண்.

கணிப்பு கணிப்புத்தான். அதை உறுதிப்படுத்த டிஸ்க்கிடமே கேட்கலாம். எல்லா ஹார்ட் டிஸ்க்கும் தன் நோய் விவரத்தைத் தனக்குள் குறித்துவைக்கும்; ஸ்மார்ட் என்பார்கள். டிஸ்க்கைத் திரும்பப் பூட்டி, பென்ட்ரைவிலிருந்து மின்ட்டை ஓடவிட்டு, மெனுவில் டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்தால் அதன் மெனுவில் ஸ்மார்ட் விவரம் இருக்கும். மூன்று வரிகளைப் பாருங்கள். 5ஆம் இலக்கம், பழுதாகி மாற்றிவைக்கப்பட்ட இடங்கள். 197ஆம் இலக்கம், வாசிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். 199ஆம் இலக்கம், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் தரவு பிழைத்த தடவைகள். 5உம் 197உம் சுழியமாக இருக்க வேண்டும். 197இல் எண் இருந்தால் டிஸ்க் போகிறது, சந்தேகமே வேண்டாம். அவை இரண்டும் சுழியமாக இருந்து 199 மட்டும் ஏறியிருந்தால் பாவம் டிஸ்க், பழுது அந்த மெல்லிய வயரில். அதை மாற்ற மிகச் சிறிய காசுதான் போகும். பார்த்து முடிந்தவுடன் கணினியை நிறுத்திவிட்டு டிஸ்க்கை மறுபடியும் கழற்றிவிடுங்கள். பார்க்கும்போது நிறுவு என்ற ஐகனை யாரும் தொடக் கூடாது. டிஸ்க் ஒன் பண்ணியவுடன் டக் டக் என்று ஒழுங்காகத் தட்டினால் இந்தச் சோதனைகூட வேண்டாம், அப்படியே நிறுத்திவிடுங்கள். உள்ளே ஊசி போன்ற முனை சரியாக ஓடவில்லை என்பதன் சத்தம் அது. அதை வீட்டில் வைத்துத் திருத்தவே முடியாது. தரவு மீட்கவென்றே ஆய்வுகூடம் வைத்திருப்பவர்களிடம் மட்டும் கொடுக்க வேண்டும், செலவும் கூட.

ரேமையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை இன்னொரு பென்ட்ரைவில் போட்டு, டிஸ்க் இல்லாமல், இரவு படுக்கப் போகும்போது ஓடவிட்டு விடியப் பாருங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் ரேம் சரியில்லை. ஒன்றுதானே என்று விடக் கூடாது. இரண்டு துண்டு பூட்டியிருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் துண்டுகளைக் கழற்றி, கீழே மஞ்சளாக மின்னும் பல்வரிசையைச் சுத்தமான வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிப் டக் என்று விழும்வரை அமர்த்திப் பூட்டுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஒழுங்கைகளிலிருந்து வருகிற கணினிகளைத் திறந்தால் எங்களுக்குப் பார்த்தவுடனேயே விளங்கும். உப்புக் காற்றுப் பட்டு அந்த மஞ்சள் பற்கள் மங்கி, சில இடத்தில் பச்சை பூத்திருக்கும். ஜன்னல் திறந்த அறையில் பல வருடம் இருந்தால் வராமல் இருந்தால்தான் அதிசயம். வெறும் அழிறப்பராலேயே உயிர்பெற்ற இயந்திரங்கள் எத்தனையோ. அதே நேரத்தில் புரொசெசர் காற்றாடிக்குக் கீழே படிந்திருக்கும் தூசுப் படலத்தையும் தூரிகையால் எடுத்துவிடுங்கள். ஏப்ரல் வெக்கையில் பகல் நேரத்தில் மின்விசிறிகூட இல்லாத மூலையில் வைத்து ஒரு மணி நேரம் நிறுவினால் நல்ல இயந்திரமும் திணறும். குளிரான இடத்துக்கு மாற்று என்று அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதை உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

திகதி 2009க்குப் போவது வேறு விஷயம், சின்ன விஷயம். போர்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வெள்ளிநிறப் பட்டரி ஒன்று இருக்கும். சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். இன்ஸ்டோல் பழுதுக்கு அது காரணமில்லை. ஆனாலும் மாற்றாமல் விட்டால், ஒவ்வொரு தடவையும் பயோஸ் (ஒன் பண்ணியவுடன் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) தன் பழைய அமைப்புக்குத் திரும்பும், இணையத்துக்குப் போனால் எல்லாத் தளமும் பாதுகாப்பில்லை என்று பயமுறுத்தும், அப்டேட்டும் வராது. திகதி பிழையாக இருக்கும்போது தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகாததுபோலத் தெரியும், அதனால்தான்.

இப்போது வினாத்தாள்களை மீட்பது. இதை மேல்மாடித் தம்பியும் செய்யலாம், பொறுமை இருக்க வேண்டும். அவருக்கு இந்தப் பகுதியை வாசிக்கக் கொடுங்கள்.

தம்பி, 500 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று தேவை. கடனாக வாங்கினாலும் போதும், ஆனால் 320 ஜிபிக்கு மேல் வெறுமையாக இருக்க வேண்டும். ஃபேட்32 ஆக ஃபோர்மட் பண்ணியிருக்கக் கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை வைக்க முடியாது. சிஸ்டம் ரெஸ்கியூ என்ற இலவச லினக்ஸைப் பென்ட்ரைவில் போடுங்கள். தேவையான கருவிகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதிலிருந்து டிடி ரெஸ்கியூ என்ற கருவியால் பழைய டிஸ்க் முழுவதையும் ஒரே ஒரு பெரிய கோப்பாக வெளி டிஸ்க்குக்குள் பிரதி எடுக்க வேண்டும். சாதாரண கொப்பி பழுதான இடத்தில் மாட்டிக்கொண்டு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். டிடி ரெஸ்கியூ அப்படியில்லை. நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டுப் பழுதான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். வரைபடக் கோப்பு ஒன்றையும் கூடவே எழுதச் சொல்லிக் கொடுத்தால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டளையில் முதலில் வருவது மூலம், இரண்டாவது வருவது எழுதும் இடம். இது மாறினால் எல்லாம் முடிந்தது. கொடுக்குமுன் டிஸ்க்கின் பெயரையும் அளவையும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்த்தால் இன்னும் நல்லது. பழுதான டிஸ்க் என்றால் ஒரு நாள் முழுக்க ஓடலாம், இடையில் குழப்ப வேண்டாம்.

பிரதி கிடைத்தவுடன் பழைய டிஸ்க்கைக் கழற்றி ஒரு உறையில் போட்டு வைத்துவிடுங்கள். இனி வேலை எல்லாம் அந்தப் பிரதியில்தான். டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியை அந்தக் கோப்பின்மேல் ஓடவிட்டால் முன்பிருந்த பிரிவுகளைத் தேடும். விண்டோஸ் பாவிக்கும் என்டிஎஃப்எஸ் வகைப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் அதன் முடிவிலும் தொடக்கத் தகவலின் ஒரு பிரதி இருக்கும். தொடக்கம் அழிந்திருந்தாலும் பல நேரம் அதை வைத்தே டி டிரைவைக் கண்டுபிடித்துவிடும். பட்டியலில் அது வந்தால் பி என்ற எழுத்தை அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புகள் பெயரோடு தெரியும். வேண்டியவற்றைத் தெரிவுசெய்து வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணலாம். அட்டவணையைத் திருத்தி எழுதவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோப்புகள் வெளியே வந்தால் போதும்.

டெஸ்ட்டிஸ்க் கைவிட்டால் அதன் கூடவே வரும் ஃபோட்டோரெக் இருக்கிறது. பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் வேர்ட், பிடிஎஃப் எல்லாவற்றையும் தேடும். ஆனால் கோப்புப் பெயர், கோப்புறை எதுவும் வராது. எஃப் என்ற எழுத்தும் நீண்ட இலக்கமும்தான் பெயராக இருக்கும். ஆயிரக்கணக்கில் வந்து குவியும். ஒவ்வொன்றாகத் திறந்து எது எந்த வினாத்தாள் என்று பெயரிடுவது உங்கள் வேலை, ரீச்சர். அலுப்புப் பிடித்த வேலைதான், ஆனால் உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

இங்கே ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், பயந்துவிடுவீர்கள் என்று. மீட்ட கோப்பை வேறு கணினியில் திறந்தால் தமிழே தெரியாது. 'அம்மா' என்று நீங்கள் அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பாமினி யுனிகோட் எழுத்துரு அல்ல. கோப்புக்குள் எப்போதும் இருந்தவை அந்த ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டியது. பாமினி எழுத்துருக் கோப்பை அந்தக் கணினியில் நிறுவினால் தமிழ் திரும்பி வரும். மாறாக, பெட்டிகளும் விசித்திரமான குறிகளுமாக ஒழுங்கில்லாமல் வந்தால் பெரும்பாலும் அந்தக் கோப்பின் மேல் மின்ட் எழுதியிருக்கும், அல்லது டிஸ்க்கில் அந்த இடம் பழுதாகியிருக்கும். அவற்றை விட்டுவிட வேண்டியதுதான்.

இனி அதே கணினியில் திரும்பவும் நிறுவுவது. பழைய டிஸ்க்கில் வேண்டாம், நல்ல டிஸ்க் என்று சோதனை சொன்னாலும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, உள்ளே சுழலும் தட்டு இல்லாத சிறிய சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள், 240 அல்லது 256 ஜிபி போதும். உங்கள் போர்டின் பழைய சாட்டாவில் அதன் முழு வேகம் கிடைக்காது. ஆனாலும் பழைய டிஸ்க்கோடு ஒப்பிடும்போது வித்தியாசம் முதல் நாளே தெரியும். நாளைக்கு இந்தப் போர்ட் போனாலும் எஸ்எஸ்டியை அடுத்த கணினியில் பூட்டலாம், ஆகவே அந்தக் காசு வீணாகாது. ரேமை 4 ஜிபி ஆக்குங்கள். 2 ஜிபியில் மின்ட் ஓடும் என்று எழுதியிருப்பார்கள், அது குறைந்தபட்ச அளவு. நிறுவிக்கொண்டிருக்கும்போது யாராவது பிரவுசரைத் திறந்தாலே உறைந்து போகும். உங்கள் முதல் முயற்சி பாதியில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இந்த வயது போர்டுக்கு டிடிஆர்2 ரேம் வரும், சிலவற்றுக்கு டிடிஆர்3 வரும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த ரேம் துண்டுகள் தேடினால் கிடைக்கும். ஏற்கெனவே இருக்கும் துண்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள், வாயால் சொல்லி வாங்க வேண்டாம். இரண்டுக்கும் மேல் இந்த இயந்திரத்துக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பவர் சப்ளையும் போய், ரேமும் போய் என்று பட்டியல் நீண்டால், வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்து இங்கே விற்கப்படும் பிராண்ட் டெஸ்க்டொப் ஒன்றை வாங்குவதுதான் நியாயம்.

பென்ட்ரைவையும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், மின்ட்டின் மூன்று பதிப்புகளில் இலகுவானது அது. 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. டவுன்லோட் பண்ணியதை, பென்ட்ரைவில் எழுதித்தரும் ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளில் தெரிவுசெய்து பக்கத்தில் இருக்கும் சரிக்குறியை அழுத்தினால் நீண்ட எண்ணெழுத்து வரிசைகள் வரும். ஷா256 வரிசையும் மின்ட் தளத்தில் கொடுத்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ரூஃபஸில் கொடுக்க வேண்டிய பிரிவு முறை எம்பிஆர், இலக்கு பயோஸ். முன்பக்க யூஎஸ்பியைப் பாவிக்க வேண்டாம். அதன் உள் வயர் பழைய கேசிங்கில் நம்பத்தக்கதல்ல.

நிறுவும் நாளில் எஸ்எஸ்டி மட்டும் பூட்டியிருக்கட்டும். ஒரே டிஸ்க் என்றால் கிரப் வழிதவறிப் போவதற்கு இடம் குறைவு, அழித்து நிறுவு என்று கொடுத்தாலும் அழிய ஒன்றுமில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும், கரண்ட் ஒரு நொடி போய் வரும். ஆகவே காலையில் தொடங்குங்கள். யூபிஎஸ் இருந்தால் கவலையில்லை.

எல்லாம் சரியாக முடிந்தும் மறுபடி அதே பூட் டிவைஸ் செய்தி வந்தால் பதற வேண்டாம். பயோஸில் தொடங்கும் வரிசையில் எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா பாருங்கள். இருந்தும் வராவிட்டால், எஸ்எஸ்டியை மின்ட் ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்திருக்கும்; சில பழைய பயோஸ்களுக்கு அது பிடிப்பதில்லை. பென்ட்ரைவிலிருந்து ஓடும் மின்ட்டில் டிஸ்க்கைப் பிரிக்கும் ஜிபார்ட்டட் என்ற செயலி இருக்கிறது. அதில் எஸ்எஸ்டிக்கு எம்எஸ்டொஸ் (எம்பிஆர்) வகை அட்டவணையைப் புதிதாகப் போட்டு, ஒரே ஒரு பிரிவு உண்டாக்கி, நிறுவும்போது 'வேறு முறை' என்ற தெரிவில் அந்தப் பிரிவைக் காட்டினால் போதும்.

விண்டோஸ் 11 கேட்டிருந்தீர்கள். இந்தக் கணினிக்கு அது இல்லை, ரீச்சர். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் புரொசெசர் அளவிலிருந்துதான் ஏற்பார்கள். அந்தச் சோதனையைத் தாண்டவைத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்பவர்களிடமும் கொடுக்க வேண்டாம். 24எச்2 பதிப்பிலிருந்து, பொப்கவுன்ட் என்ற கட்டளை இல்லாத புரொசெசரில் விண்டோஸ் 11 தொடங்கவே தொடங்காது. கோர் 2 டுவோவில் அந்தக் கட்டளை கிடையாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, ஆகவே அதைத் திரும்பப் போடுவதிலும் பயனில்லை.

மின்ட்டில் உங்கள் வினாத்தாள்கள் லிப்ரே ஒஃபிஸில் திறக்கும். பாமினி எழுத்துருவை இரட்டைச் சொடுக்கில் நிறுவிக்கொள்ளலாம்; அடிக்கும் முறையும் முன்புபோலவேதான், ஆங்கில விசைப்பலகையில் விரல் பழகிய அதே இடங்கள். புதிய தாள்களை மட்டும் யுனிகோடில் அடித்தால் வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் பிள்ளைகளுக்கு அப்படியே அனுப்பலாம். யுனிகோடில் தமிழ் அடிக்கும் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு மின்ட்டிலும் கிடைக்கும். முதலில் அந்த மூன்று ஸ்மார்ட் எண்களையும் பார்த்து எனக்கு எழுதுங்கள். 5, 197, 199. அவை கைக்கு வந்தவுடன் டிஸ்க்கை வீட்டிலேயே பிரதி எடுக்கலாமா, ஆய்வுகூடத்துக்கே கொடுக்க வேண்டுமா என்று சொல்கிறேன்.